பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி, எங்கள் பழைய ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. "தாயி, லாக்கப்பில் இருக்கிற அம்மா சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறாங்க, என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. போன மாதம் அவர்களில் ஒருத்தி வேறு மாதிரி பேசினாள். ஸ்டேஷனுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கட்டடம் வந்துவிட்டதாம். திறப்பு விழாவில் பழைய ஆட்கள் யாராவது பேச வேண்டுமாம். "நீங்களே வாங்க தாயி. மத்தவங்க பேசினா தூக்கம் வருது."

போனேன், அந்த ஸ்டேஷனில் நடந்த ஒரு கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ஆனால் மராத்தியில் சொல்லும்போது கதையின் நடுவில் நின்று ஒரு தமிழ்ச் சொல்லுக்கு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. விளக்கம் கொடுத்துச் சிரிக்க வைப்பதில் என்ன ருசி இருக்கிறது? புனேயில், கட்கியில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கொண்டுவரும் மலரில் ஏதாவது எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். என் தமிழ் வீட்டில் பேசிப் பழகிய வேலூர்ப் பக்கத்துத் தமிழ். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மலர்விழி. கடைசி எழுத்து மராட்டியர் வாயில் நிற்காது. அதனால் டிரெயினிங்கின் முதல் வாரத்திலேயே நான் மாலா ஆகிவிட்டேன். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் பெண் பிள்ளைகள் டீச்சர் வேலைக்குப் போவார்கள், நர்ஸ் வேலைக்குப் போவார்கள். நான் போலீசுக்கு என்றதும் பக்கத்து வீட்டு அத்தை, "இதை யார் கட்டிக்குவா?" என்றார். என்னைக் கட்டிக்கொண்டவர் பஸ் டிரைவர், விஷ்ராந்த்வாடிக்காரர். கல்யாணப் பேச்சின்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லைசென்ஸ் பிடுங்கினா திருப்பி வாங்கித் தருவியா?" டிரெயினிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், விழுந்தோம், சட்டம் படித்தோம், மறுபடி ஓடினோம்.

வேலையில் பாதிக்கு மேல் நான் இருந்தது சாகணுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில். ஊர் பெயர் வேண்டாம், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் போன புதிதில் ஸ்டேஷன் என்பது ஓடு போட்ட நாலு அறையும் ஒரு வேப்பமரமும். ஜீப்பைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளுவதற்குப் புகார் கொடுக்க வந்தவரையே கூப்பிடுவோம், அவரும் சந்தோஷமாகத் தள்ளுவார். வரும் புகார்களும் அப்படித்தான். கோழி காணோம், வரப்பை வெட்டிவிட்டான், மருமகள் பேச மாட்டேன் என்கிறாள்.

ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேர், ரேக்ளாப் பந்தயத்தில் ஓடுகிற ஒரு காளை யாருக்குச் சொந்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டு வந்தார்கள். கோர்ட் முடிவு செய்யும்வரை காளை எங்கள் பொறுப்பு. கைப்பற்றிய கத்தியை அலமாரியில் பூட்டலாம், காளையை என்ன செய்வது? வேப்பமரத்தில் கட்டினோம். அது காக்கிச் சட்டையைக் கண்டால் தலையைத் தாழ்த்தும். ஹவல்தார் காளே மட்டும் லுங்கி கட்டிக்கொண்டு போய்ப் புண்ணாக்கு வைப்பார். கோர்ட் உத்தரவு வந்து காளை கிளம்பிய அன்று, ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். "தூசி" என்றார். நாங்களும் தூசி என்றே வைத்துக்கொண்டோம்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் சாலையின் இரண்டு பக்கமும். வெங்காய வயல் இருந்த இடத்தில் கார் சீட் தைத்தார்கள், டயர் பொருத்தினார்கள். வயல் வைத்திருந்தவர்கள் வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், நம்ம ஊர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. ஒரு புகாரை வாங்குவதற்குள் அதை மூன்று பேர் மூன்று மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களுக்கு வாடகை இனித்தது, ஆட்களைக் கண்டால்தான் கொஞ்சம் பயம்.

அந்தக் காலத்தில்தான் ஷிர்கே சாஹேப் இன்ஸ்பெக்டராக வந்தார். ஒல்லி ஆள், குரலே எழும்பாது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவன் கத்துவதை நிறுத்திக் காதைத் தீட்டினால்தான் அவர் சொல்வது கேட்கும். ஸ்டேஷனுக்குள் தொப்பியைக் கழற்றி வைத்திருப்பார். வெளியே மக்களிடம் பேசுவதற்கு முன்னால் மட்டும் நேராக எடுத்துப் போட்டுக்கொள்வார். யார் எந்தப் புகாரோடு வந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" எங்களையும் அதே கேள்விதான் கேட்பார். "சந்தையில் சண்டை சாஹேப்" என்று ஓடிப் போனால், "பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" கேள்விப்பட்டேன் என்றால் கையைக் காட்டுவார், போய்ப் பார்த்துவிட்டு வா என்று. ஆரம்பத்தில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. காளே ஹவல்தார் அவரைப் போலவே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார்.

அந்த வருஷம் மொபைல்களில் ஒரு வீடியோ சுற்றியது. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது, பெண்கள் வேஷத்தில் திரிகிறார்கள், ஜாக்கிரதை என்று. எந்த ஊர் வீடியோ, யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. ஆனால் ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. நாங்கள் ஆட்டோவில் மைக் கட்டி, நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போனோம். மைக் கட்டிச் சொன்னதும், ஏதோ இருக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் பேர் நம்பினார்கள்.

சந்தை நாள். வெயில் ஏறுகிற நேரம். சந்தையில் ஒரு பிள்ளை பிடிக்கிறவளைப் பிடித்து வைத்து அடிக்கிறார்கள் என்று போன் வந்தது. நானும் காளேவும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஜீப்பில் ஓடினோம். வளையல் கடைகளுக்குப் பின்னால் கும்பல். தோளால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தேன். நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நெற்றியில் ரத்தம், புடவை தோளில் கிழிந்திருந்தது, பக்கத்தில் ஒரு போன் நொறுங்கிக் கிடந்தது. கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் புரிந்தது.

"ஐயோ, அது எங்க அக்கா கொயந்தைங்க... அடிக்காதீங்க... எங்க அக்கா கொயந்தை..."

அவளுடைய பாஷையே அங்கே அவளுக்கு எதிரான சாட்சியாக இருந்தது. "பாருங்க, மராத்தியும் தெரியலை, இந்தியும் தெரியலை" என்று ஒருவன் சொன்னான். குழந்தை, வளையல் விற்கும் ரக்மாபாயின் இடுப்பில் இருந்தது. இரண்டு இரண்டரை வயசுப் பெண். நல்ல சிவப்பு. அந்தப் பெண்ணோ கறுப்பு. முகச் சாயலும் இல்லை. அவளிடம் போகச் சொன்னாலும் குழந்தை போகவில்லை, ரக்மாபாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது.

எப்படி ஜீப்பில் ஏற்றினோம் என்று இப்போது யோசித்தாலும் முழுசாக நினைவில்லை. காளே ஹவல்தார் அந்தப் பெண் மேல் குனிந்து தன் முதுகைக் கொடுத்தார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரக்மாபாயைக் குழந்தையோடு முன்சீட்டில் ஏற்றினேன். ஜீப் அன்றைக்கு ஒரே முறையில் கிளம்பியது.

கும்பல் பின்னாலேயே வந்தது. வருகிற வழியில் பெருத்தது. நாங்கள் கேட்டைச் சாத்துவதற்குள் காம்பவுண்ட் நிறைந்துவிட்டது. ஒரு கல் ஓட்டின் மேல் விழுந்தது. "எங்க கிட்டக் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "மாலா தாயி அவங்க ஆளு. காப்பாத்தத்தான் கூட்டிட்டு வந்திருக்கா" என்றது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பையன். அவன் தங்கை ஓடிப்போனபோது தேடிக் கூட்டிவந்து சேர்த்தவள் நான். கல் விழுந்தபோது கூட அப்படி வலிக்கவில்லை.

சாஹேப் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிப் படியில் போய் நின்றார். வழக்கமான குரலில் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. "என்ன, என்ன?" என்று முன்னால் நின்றவர்கள் பின்னால் கத்தியவர்களை அடக்கினார்கள்.

"உட்காருங்கன்னு சொன்னேன். நிக்கறவங்க கூட எனக்குப் பேச வராது."

முன்வரிசை உட்கார்ந்தது. முன்வரிசை உட்கார்ந்ததும் பின்னால் நின்றவர்களுக்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர்களும் மரத்தடியாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"நல்லது. இவங்க பிள்ளை பிடிக்கிறவங்கன்னா நான் விட மாட்டேன். அதுக்கு எனக்கு சாட்சி வேணும். கண்ணால பார்த்தவங்க உள்ள வாங்க, சொல்றதை எழுதிக்கறோம், கையெழுத்துப் போடுங்க. கேள்விப்பட்டவங்க மரத்தடியிலேயே இருங்க, தண்ணி வரும்."

ஒர்க்‌ஷாப் பையன் எழுந்தான். "பிள்ளை பிடிக்கிறவங்க இருபது பேர் வந்திருக்காங்க சாஹேப்!"

"பார்த்தியா, கேள்விப்பட்டியா?"

"வீடியோ வந்திருக்கு."

"அப்ப மரத்தடி."

இன்னொருவர் எழுந்தார், கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார், உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கும்பலில் கண்ணால் பார்த்தேன் என்று உள்ளே வந்தது ரக்மாபாய் மட்டும்தான். அவள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள்.

சாஹேப் திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாலா தாயி, நான் கேட்கறதை மட்டும் அவங்க கிட்டக் கேளுங்க. அவங்க சொல்றதை மட்டும் எனக்குச் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்க பாஷைங்கறதுக்காக நம்பவும் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

அந்தப் பெண் திண்டிவனம் பக்கம். பெயர் செல்வி. அக்காவுக்கு இரண்டாவது பிரசவம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. குழந்தை இன்னும் அவளிடம் ஒட்டவில்லை. மாமா ஏதோ கம்பெனியில் வேலை செய்கிறார். கம்பெனி பெயர் தெரியாது. நம்பர் எல்லாம் உடைந்த போனில் இருந்தது. வீட்டு விலாசம்? "தண்ணி டேங்க் பின்னாடிக்கா, பச்சைக் கலர் கதவு." அந்த ஊரில் தண்ணீர் டேங்க் எங்கே பார்த்தாலும் இருந்தது, பச்சைக் கதவும்தான்.

"மாமா போடற சட்டையில ஏதாச்சும் படம் இருக்குமா?" என்று கேட்கச் சொன்னார் சாஹேப்.

செல்வி கண்ணை மூடி யோசித்தாள். "ஊதா சட்டைக்கா. பாக்கெட்டுல நாற்காலி மாதிரி ஒண்ணு போட்டிருக்கும்."

காளே ஹவல்தாருக்குப் புரிந்துவிட்டது. சீட் செய்கிற கம்பெனி. பின்பக்க வழியாக பைக்கில் கிளம்பினார்.

அடுத்து ரக்மாபாய். நேர்மையான பொம்பளை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். "இவ குழந்தையைத் தூக்கிட்டு ஓடினா சாஹேப். கடைக்குப் பின்னாடி, ஆளில்லாத பக்கமா. குழந்தை கையை காலை உதைச்சுக்கிட்டு 'ஆயி, ஆயி'ன்னு அழுதது. அம்மாவைக் கூப்பிட்டு அழுத பிள்ளையை எப்படி சாஹேப் சும்மா விடறது? நான்தான் கத்தினேன். நம்ம பிள்ளையை எடுத்துட்டுப் போறா, பிடிங்கன்னு."

மராத்தியில் ஆயி என்றால் அம்மா. தமிழில் ஒரு சின்னக் குழந்தை ஆயி என்று கத்தினால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அதைக் கடித்து விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் சாஹேப்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார்.

"ரொம்ப நல்ல விளக்கம். அதனாலதான் பயமா இருக்கு. நீங்க சொல்றீங்கன்னு நான் வெளியில போய்ச் சொன்னா, உங்க ஆளுக்காக நீங்களே கட்டின கதைம்பாங்க. ஊருக்குள்ள வேற தமிழ்க்காரர் யாரு?"

"பஸ் ஸ்டாண்டுல இட்லி வண்டி, முருகேசன்."

"கூப்பிட்டு வரச் சொல்றேன். நீங்க இங்கேயே இருங்க. அவர் கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

முருகேசன் ஏப்ரனோடு வந்து இறங்கினான். சட்னியைப் பற்றி யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து வழியெல்லாம் கான்ஸ்டபிளிடம், தேங்காய் புதுசுதான் என்று சத்தியம் செய்துகொண்டே வந்தானாம். அவனை உள்ளே விடவில்லை. படியிலேயே, உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் எதிரில் சாஹேப் நிறுத்தினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன்.

"முருகேசன், உங்க ஊர்ல பேச்சு வராத சின்னக் குழந்தை 'ஆயி, ஆயி'ன்னு அழுதா என்ன அர்த்தம்?"

முருகேசன் சாஹேபைப் பார்த்தான். கும்பலைப் பார்த்தான். தன் ஏப்ரனைப் பார்த்தான்.

"சாஹேப், நான் சாப்பாட்டு வியாபாரம் பண்றவன்..."

"சொல்லு."

"எல்லாம் என் கஸ்டமருங்க சாஹேப்."

"சொல்லுப்பா. ஒரு உயிர் விஷயம்."

அவனுக்கு அதற்கான மராத்திச் சொல் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வாயில் வரவில்லை. இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, படியில் லேசாகக் குந்திக் காட்டினான்.

முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் முதலில் பிடித்துக்கொண்டார். "அரே தேவா!" என்று தொடையில் அடித்தார். அவர் பக்கத்து ஆளுக்குச் சொல்ல, அவர் பின்னால் சொல்ல, அலை மாதிரி போனது.

என் பக்கத்தில் நின்ற ரக்மாபாய் அப்போதுதான் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். குழந்தை பயத்தில் போய்விட்டது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள். முருகேசன் பக்கத்தில் நின்று புடவை மடிப்பை விரித்துக் காட்டினாள். "உண்மைதான்! சாட்சி என் மேலேயே இருக்கு, பாருங்க!"

அதற்கப்புறம் வேப்பமரத்தடி முழுக்கச் சிரிப்பு. சிரிக்கிற ஆளுக்குக் கல் எடுக்க வராது. சில பேர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆனால் சாஹேப் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றவில்லை. "ஏன் ஓடினாங்கன்னு தெரிஞ்சுது. குழந்தை யாரோடதுன்னு இன்னும் தெரியலை" என்றார்.

காளே ஹவல்தாரின் பைக் வந்தது. பின்னால் ஊதாச் சட்டை போட்ட ஒரு ஆள். இறங்கிய வேகத்தில் செருப்பு கழன்றது, அதைப் பார்க்கவில்லை. நான் கழுவித் துடைத்துவிட்டிருந்த குழந்தை என் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. "ப்பா" என்றது. பிஸ்கட்டை என் மடியிலேயே போட்டுவிட்டு ஓடியது. அதே சிவப்பு, அதே மூக்கு. அந்த ஆளும் குழந்தையும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றதைப் படியிலிருந்து மிச்சக் கும்பலும் பார்த்தது. சாஹேப் செல்வியின் மாமாவுடைய போனில் இருந்த குடும்பப் படங்களையும் பார்த்தார், ஆஸ்பத்திரிக்குப் பேசி அக்காவிடமும் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம் தனியாகச் சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

சிரிப்போடு விட்டுவிடவும் இல்லை. செல்வியை அடித்தவர்களைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டோம். ஒர்க்‌ஷாப் பையன் அடிக்கவில்லை, கத்தினதோடு சரி. மறுநாள் வந்து என் மேஜைக்கு எதிரில் நின்றான். "தாயி, கேள்விப்பட்டதை வெச்சுப் பேசிட்டேன்" என்றான். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். வேறென்ன செய்வது?

ரக்மாபாய் அன்று போகவே இல்லை. செல்வியின் நெற்றிக்குக் கட்டுப் போட்டு முடியும்வரை வராண்டாவில் காத்திருந்தாள். பிறகு என்னிடம், "நான்தான் கத்தினேன்னு அவ பாஷையில சொல்லு. தப்பாப் போச்சுன்னு சொல்லு" என்றாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

செல்வி நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அவுங்க கத்தினது தப்பில்லக்கா. எங்க அக்கா கொயந்தையை நெசமாவே ஒருத்தன் தூக்கிகினு போனா, இது மாதிரி ஒருத்தங்க கத்தணும். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கத்தியிருக்கலாம்னு சொல்லுங்க."

அதையும் அப்படியே சொன்னேன். ரக்மாபாய் செல்வியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். தள்ளுமுள்ளில் கண்ணாடி வளையல் எல்லாம் நொறுங்கிக் கீறியிருந்தது. கீறல் ஆறின பிறகு தன் கடைக்கு வரச் சொன்னாள். செல்வி போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்புறம் நானே பார்க்கவும் செய்தேன், கை நிறையப் பச்சை வளையல்.

அதன் பின் சாஹேப் ஸ்டேஷனில் ஒரு காரியம் செய்தார். வெளியூர்த் தொழிலாளர்களை மொழிக்கு ஒருவராக டீக்குக் கூப்பிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வைத்தார். மூன்று வாக்கியம்தான். உட்காருங்கள், பயப்படாதீர்கள், என்ன ஆச்சு? தமிழுக்கு நான்தான் வாத்தியார். காளே ஹவல்தார் நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆனால் அவர் "பயப்படாதே!" என்று சொல்கிற அதட்டலில், அதுவரை பயப்படாதவர்களும் பயந்தார்கள். பிறகு எங்கள் ஸ்டேஷன் நகரத்துக் கமிஷனர் அலுவலகத்துக்குக் கீழே போனது, ஆட்கள் கூடினார்கள், கேமராக்கள் வந்தன, ஜீப்புக்குப் பதில் தள்ள வேண்டாத வண்டி வந்தது. எல்லாம் நல்லதுதான். நான் சர்வீஸ் முடித்து வெளியே வரும்போது என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டவர்களில் பாதிப் பேர் தமிழில் உட்காரச் சொல்லத் தெரிந்தவர்கள்.

திறப்பு விழாவுக்குப் போன அன்று செல்வியின் அக்கா வீட்டுக்கும் போனேன். அவர்கள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள், சின்னதாக வீடும் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு என் மடியில் பிஸ்கட் தின்ற பெண் இப்போது மராத்திப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், கபடி ஆடுகிறாள், தமிழ்தான் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வருகிறது. விழாவில் நான் பேசியது எனக்கு முன்னாலேயே அவள் காதுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. அம்மா டீ போட உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, ஸ்டேஷன்ல சொல்லிட்டீங்க, பரவாயில்லை. ஆனா என் பேர் மட்டும் எங்கேயும் சொல்லாதீங்க. ஸ்கூல்ல தெரிஞ்சா நான் போகவே மாட்டேன்."

தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். இவ்வளவு எழுதியும் அவள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.